போர்க்கால ஜீப்பைப் பட்டறையில் மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் உரக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த ஜீப் அது. லாரியில் கோவைக்கு இறக்கி, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து, ஓட்டத்துக்குக் கொண்டுவர நாலரை ஆண்டு பிடித்தது. அதைப் பார்க்க வருகிறவர்களும், "எங்க தாத்தாகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு" என்று ஃபோனில் ஆரம்பிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஆகிய இரண்டு வண்டிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

போர்க்கால ஜீப் என்பது எது? மகிந்திரா ஜீப்பும் அதுவும் ஒன்றுதானே?

பங்காளிகள்; ஒன்றல்ல. 1940இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் ஒரு சிறிய வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவின் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த பேண்டம் என்ற சிறு நிறுவனம் அதை ஏற்று, செப்டம்பர் 23, 1940 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் பெரிய ஆர்டர் கிடைத்தது வில்லிஸுக்கு. காரணம் அவர்களுடைய எஞ்சின்: 2,199 சி.சி., 60 குதிரைத்திறன். போட்டிக்கு வந்த மற்ற இரண்டும், அதாவது பேண்டமும் ஃபோர்டும், அதற்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வில்லிஸ் மட்டும் செய்தால் போதாது என்று 1941 கடைசியில் அதே வரைபடத்தை ஃபோர்டிடமும் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள்.

மகிந்திரா கையிலெடுத்தது போருக்குப் பிறகு வந்த வில்லிஸின் பொதுமக்கள் வண்டிகளை. தேனி, போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவை பெரும்பாலும் அந்தப் பரம்பரை.

ஆர்.சி.யில் 1942 வில்லிஸ் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

ஆர்.சி.யை மூடி வைத்துவிட்டு வண்டியின் முகத்தைப் பாருங்கள். போர்க்கால வண்டியின் கிரில் ஒற்றைத் தகட்டில் அழுத்தி எடுத்தது. அதில் ஒன்பது கண்கள், அதாவது செங்குத்தான துளைகள். பின்னால் வந்த வண்டிகளுக்கு ஏழு. (வில்லிஸ் முதலில் செய்த சுமார் 25,000 வண்டிகளில் மட்டும் பட்டைக் கம்பிகளை வைத்துப் பற்றவைத்த கிரில் இருக்கும். அது கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.) முகப்பு விளக்குகள் சிறியவை, கிரிலுக்குள் ஒடுங்கி இருக்கும். பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. ஸ்டெப்னி பின்னால் தொங்கும். பெட்ரோல் ஊற்ற ஓட்டுநர் சீட்டைத் தூக்க வேண்டும்.

கிரிலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பது கண் கிரில் தனியாகவே விற்கிறது. வண்டியின் அடையாளம் சேஸில்தான்.

வில்லிஸா ஃபோர்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்னால் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். பெட்டி மாதிரித் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. வில்லிஸின் சேஸ் எண் முன் பம்பருக்குப் பின்னால், இடப்பக்கச் சட்டத்தின் உள்முகத்தில் ஆணியடித்த சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு பலதில் உதிர்ந்து போயிருக்கும். ஃபோர்டு எண்ணைச் சட்டத்தின் மேல்முகத்திலேயே கொத்திவிட்டது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் வரும், கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை: ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டுத் தலை வரைக்கும், வளைந்த 'எஃப்' எழுத்தைக் குத்தியிருக்கிறது. என் வண்டியின் சேஸ் வில்லிஸ். ஆனால் அதில் பதினேழு ஃபோர்டு போல்ட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் பாகங்கள் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை என்பதால், போர்க்களப் பட்டறையில் கைக்கு வந்ததைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். அவற்றை நான் மாற்றவில்லை.

அமெரிக்க வண்டி நம் மலைக்கு எப்படி வந்தது?

பர்மாப் போர். இந்தியா அந்தப் போரின் பின்கட்டாக இருந்தது. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகமே 1944இல் கண்டிக்கு வந்துவிட்டது. பர்மாவில் ஜீப்பின் டயர்களைக் கழற்றி ரயில் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் பெட்டிகளை இழுக்க விட்டார்கள். போர் முடிந்ததும் மிஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புவதைவிட இங்கேயே ஏலம் விடுவது மலிவு. பெரியவர்கள் 'டிஸ்போசல் வண்டி' என்று சொல்வது இதைத்தான். சேற்றில் ஏறக்கூடிய வண்டிக்குத் தோட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன.

வண்டி பட்டறைக்கு வந்துவிட்டது. எங்கிருந்து பிரிப்பது?

பிரிக்காதீர்கள். இந்த வேலையில் நடக்கும் நாசத்தில் பாதி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. நண்பர்கள் நாலு பேர், ஸ்பேனர் செட்டு, ஒரு உற்சாகம்; சாயங்காலத்துக்குள் வண்டி பத்து சாக்கு மூட்டையாகிவிடும். அதன் பிறகு அந்த மூட்டைகளை யாராவது கிலோ கணக்கில் விற்பார்கள்.

முதலில் படம் எடுங்கள். ஒயர் எந்தத் துளை வழியாகப் போகிறது, பிரேக் குழாய் எந்த கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறது, எந்த போல்ட்டு மேலிருந்து இறங்குகிறது என்று நூற்றுக்கணக்கில். பிறகு பெயின்ட்டைப் படியுங்கள். ஆம், படிக்கத்தான் வேண்டும். இந்த வண்டிகளுக்கு வேறு நாட்குறிப்பு கிடையாது. பானெட்டின் பக்கவாட்டில் ராணுவ எண் எழுதியிருப்பார்கள். அதன் மேல் ஐந்தாறு கோட்டிங் ஏறியிருக்கும். 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விரல் அகலத்தில், வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு பூச்சும் மரத்தின் ஆண்டு வளையம் போல வெளியே வரும்.

என் வண்டியில் மேலே அலுமினியச் சாயம். அதன் கீழே பச்சை, ரெட் ஆக்சைடு, அதற்கும் கீழே ஒரு சாம்பல் கலந்த நீலம். அந்த நீலத்தில் வெள்ளையில் '3' என்று ஸ்டென்சில். தோட்டத்தின் மூன்றாம் நம்பர் வண்டி. நீலத்துக்கும் கீழேதான் ராணுவப் பழுப்புப் பச்சை. அதில் 'எம்' என்ற எழுத்தும் ஐந்து இலக்கங்களும் எழுந்து வந்தன. மிச்ச இலக்கங்களை யாரோ எப்போதோ கிரைண்டரால் வழித்திருக்கிறார்கள். 'எம்' என்பது பிரிட்டிஷ் படையில் கார், ஜீப் வகைக்கு உரிய முன்னெழுத்து. அமெரிக்கப் படையிலேயே இருந்திருந்தால் 20 என்று தொடங்கும் எண்ணாக இருந்திருக்கும். அந்த ஒரு எழுத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. வீட்டில் கேட்டபோது "வண்டி வேலை நடக்குது" என்றேன்.

மணல் அடித்துச் சுத்தம் செய்யலாமா?

மேலே சொன்னதைச் செய்து முடித்த பிறகு, சேஸுக்கு மட்டும், அதுவும் ஆற்று மணல் இல்லாமல். ஆற்று மணலின் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கல்லாக்கிவிடும். பாடித் தகட்டில் வேகமாக அடித்தால் தகடு அப்பளம் போல நெளிந்துவிடும். நான் பாடிக்குப் பெயின்ட் ரிமூவரும் சுரண்டியும்தான் பயன்படுத்தினேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்த் தூசி கிளப்பாதீர்கள்; முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்; குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பாடி துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. புதுப் பாடியே வாங்கிவிடலாமா?

வாங்கலாம். பிலிப்பைன்ஸில் இதே அச்சில் இன்றும் புதுப் பாடி அடிக்கிறார்கள். போருக்குப் பின் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி 'ஜீப்னி' ஆக்கிய ஊர். அவர்களுக்கு இந்தத் தகடு தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பழைய பாடியில் பாதி நன்றாக இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள் என்பேன்.

துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பது முக்கியம். தரைத்தகட்டுக்கு அடியில் தொப்பி வடிவில் மடித்த தாங்கு பட்டைகள் ஓடும். அவற்றுக்குள் மரக்கட்டை செருகியிருப்பார்கள். அந்த மரம் எண்பது வருடமாகத் தண்ணீரைக் குடித்துத் தகட்டை உள்ளிருந்து தின்றிருக்கும். மேலே தரை நன்றாகத் தெரிந்தாலும் அடியில் தட்டிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பட்டையை அறுத்து எடுப்பது தவிர வழியில்லை. பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியும் அப்படித்தான். என் டிங்கர் மேஸ்திரி பட்டி பூசி மூட வந்தார். "அண்ணே, பட்டி டப்பாவைத் தெருவுல வெச்சுட்டு உள்ள வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டார். பிறகு அவரே தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்து, பற்றவைத்த இடமே தெரியாமல் முடித்துக் கொடுத்தார்.

எஞ்சினைத் திரும்ப ஓட வைக்க முடியுமா? பழைய ஓனர் டீசல் எஞ்சின் போட்டிருக்கிறார்.

டீசல் போட்டதற்காக அவரைத் திட்டாதீர்கள். அதனால்தான் வண்டி இரும்புக்கடைக்குப் போகாமல் பிழைத்தது. ஆனால் மவுண்டுக்காகச் சேஸில் எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அசல் எஞ்சின் வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த பழைய வகை. ஹெட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் மூடிதான். பிரச்சினை எல்லாம் பிளாக்கில். எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய விரிசல் விடுவது இதன் பிறவி நோய். போரிங் போட (சிலிண்டரைக் கடைந்து சீராக்க) கொடுப்பதற்கு முன்பே பிளாக்கைச் சோதித்துவிடுங்கள். நான் முதலில் போரிங் போட்டு, பிறகு விரிசலைக் கண்டுபிடித்தேன். கூலி இரண்டு முறை.

தண்ணீர் போகும் அறைகளில் மலைத் தண்ணீரின் சேறும் துருவும் கெட்டிப்பட்டிருக்கும். அந்த அறைகளை மூடியிருக்கும் அடைப்புத் தகடுகளைக் கழற்றி, கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன். ஒரு சிறு வாளி நிறைந்தது. வண்டி கொதிக்கிறது என்று ரேடியேட்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைத்தான் செய்யவில்லை.

இணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஆயில் பம்பைப் பாருங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஆயில் பம்பின் தண்டுதான். பம்பை மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனால் மொத்த டைமிங்கும் தள்ளிப் போகும். மூன்று நாள் நான் கார்புரேட்டரோடு மல்லுக்கட்டிய கதை இதுதான். சுடும் வரிசை 1-3-4-2. டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பட்டுக்கும் நடுவே விடுவது), குளிர்ந்த நிலையில், எல்லா வால்வுக்கும் 0.014 அங்குலம். அமெரிக்க ராணுவத்தின் டி.எம். 9-803 என்ற கையேட்டில் எல்லாம் படத்தோடு இருக்கிறது. ஸ்பேனரே பிடிக்காத பையன்களுக்காக எழுதியது என்பதால் நமக்கும் புரியும்.

இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைத்துவிடும். பம்பின் டயஃப்ரம், ஹோஸ், வாஷர் மூன்றையும் அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸ், ஸ்டியரிங்?

வண்டியின் பலவீனமான இடம் மூன்று கியர் பெட்டிதான். இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது இதற்குப் பெயர் போனது. பல்லும் சிங்க்ரோவும் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி உரசாமல் சேர்க்கும் உறுப்பு) தேய்ந்ததுதான் காரணம். விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி கெட்டியானது. இடைக் கியரின் தண்டும் ஊசி பேரிங்கும் தேய்ந்தால் முனகும், எண்ணெய் ஒழுகும். கொஞ்சம் ஒழுகுவது அதன் சுபாவம். அட்டைப்பெட்டி விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உதறினால் முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னின் பேரிங், அதன் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடு, நடுவில் ஸ்டியரிங் அசைவைக் கடத்தும் பெல்கிராங்க் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். டயரை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள்.

6 வோல்ட்டை 12 ஆக மாற்றலாமா?

மாற்றுகிறார்கள். நான் மாற்றவில்லை. 6 வோல்ட் வேலை செய்யாது என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் கேபிள் மெலிசாக இருக்கும், எர்த் துருவேறி இருக்கும். பாதி வோல்ட் என்றால் இரண்டு மடங்கு ஆம்பியர். தடித்த கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தை வெள்ளைத் தகடாகச் சுரண்டினால் செல்ஃப் மறுபேச்சில்லாமல் சுற்றும். பேட்டரியை ஆர்டர் கொடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டை, டில்லி மாயாபுரி, அரியானாவின் மண்டி டப்வாலி. கையில் பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் மகிந்திரா பாகத்தைக் கொடுப்பார்கள். அதில் சில பொருந்தவும் செய்யும். புஷ், தண்டு வகையறாவுக்கு நம் ஊர் லேத்துகள் போதும். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். 'அசல் அமெரிக்கன்' என்று எனக்கு வந்த கார்புரேட்டரில் உள்ளே பாதி உறுப்பு இல்லை.

உயிருக்கு ஆபத்தான வேலை எது?

சக்கரம். போர்க்கால ஜீப்புகளிலேயே, முதலில் வந்தவை தவிர மற்றவற்றில், ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும், அவற்றை ஒரு சுற்று நட்டுகள் இணைக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பிளந்து ஆளை அடிக்கும். வால்வுக் கம்பியையே பிடுங்கிவிட்டு, காற்று முழுக்க இறங்கியதை உறுதி செய்த பிறகுதான் தொட வேண்டும். அதோடு, இடப்பக்கச் சக்கரங்களை ஹப்பில் பிடிக்கும் நட்டுகள் இடப்புரி. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். என் உதவியாள் தம்பி நீளக் குழாய் மாட்டி பலம் கொடுத்து இரண்டு ஸ்டட்டை ஒடித்த பிறகுதான் எனக்கே நினைவு வந்தது.

பழைய பெட்ரோல் டேங்கில் பற்றவைக்காதீர்கள், எத்தனை வருடம் காலியாக இருந்தாலும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

எல்லோரும் கடைசியில் கேட்பது, முதலில் கேட்டிருக்க வேண்டியது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. "இது அமெரிக்க நிறம், கொஞ்சம் பழுப்பு ஓடும்" என்று ரோட்டில் நிறுத்திய அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எனக்கு இந்த விதி ஒரு விதத்தில் நல்லதே செய்தது. அதுவரை நானும் பச்சை டப்பாவோடுதான் நின்றேன். யோசித்தால், இந்த வண்டி போரில் இருந்தது அதிகம் போனால் மூன்று வருடம். தோட்டத்தில் நாற்பது வருடம் உழைத்திருக்கிறது. கொழுந்து மூட்டை, சம்பளப் பெட்டி, பிரசவ வலி எடுத்த பெண் என்று அது ஏற்றாதது இல்லை. மூன்று வருடத்துக்காக நாற்பதை ஏன் அழிக்க வேண்டும்? ஆகவே அந்தச் சாம்பல் நீலத்தையே கலந்து, பளபளப்பு இல்லாமல் அடித்தேன். '3' திரும்ப வந்தது. பானெட்டில் 'எம்' எண் தெரிந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் தொடாமல், மேலே மெல்லிய வார்னிஷ் பூசி விட்டுவிட்டேன். பழைய ராணுவ வண்டிப் பிரியர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

பதிவு, ஆர்.டி.ஓ. விவகாரம்?

2021இல் வந்த திருத்தத்தின்படி, 50 வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. சேஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது; தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. இந்த ஜீப்புகள் எல்லாமே இடப்பக்க ஸ்டியரிங். அதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு சைகை காட்டும் கருவி கேட்கிறது. வலப்பக்கம் மாற்றுவதற்காகச் சேஸை வெட்டாதீர்கள்.

சேஸ் எண்ணும் ஆர்.சி.யும் பொருந்தாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பொம்மைத் துப்பாக்கி மாட்டலாமா?

வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு செலவு?

வண்டி வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு வரை கணக்கு எழுதினேன். அதன் பிறகு நோட்டுப் புத்தகம் தொலைந்துவிட்டது.

ஓட்ட எப்படி இருக்கிறது?

ஆடும், குளிரும், மழை உள்ளே வரும். அறுபதுக்கு மேல் போவதில்லை. முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லாததால் இரட்டைக் கிளட்ச் அழுத்த வேண்டும்: நியூட்ரலுக்கு ஒரு முறை, கியருக்கு ஒரு முறை.

வேலை முடிந்ததும் வண்டியை லாரியில் வால்பாறைக்கு ஏற்றிப் போனேன். அந்தத் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். '3'ஐப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "ஓட்டுறீங்களா ஐயா?" என்றேன். ஏறி உட்கார்ந்து, தொழிற்சாலை வளைவு வரை இறக்கிக்கொண்டு போனார். இரண்டாம் கியர் போட்டதும் லீவரை விடவே இல்லை, இறுக்கிப் பிடித்தபடியே வளைவு திருப்பினார்.

"கியர்பாக்ஸ் புதுசா செஞ்சாச்சுங்க ஐயா, கையை எடுக்கலாம்" என்றேன்.

"இது கழண்டுக்கும் தம்பி, உனக்குத் தெரியாது" என்றார்.